பொன்னழகுக்கு வந்த பொன்னுக்கு வீங்கி

மகளுக்குப் பொன்னழகு என்று பெயர் வைத்தபோது கண்ணுசாமிக்கு வரப்போவது தெரியாது. தாடிக்கொம்புக்குக் கிழக்கே அரை ஏக்கரில் கத்தரியும் கனகாம்பரமும் போட்டுப் பிழைத்த மனுசர். பிள்ளை எலுமிச்சம்பழ நிறத்தில் பிறந்துவிட்டதே என்ற பூரிப்பில் வைத்துவிட்டார். ஒன்பதாவது வயதில் அவளுக்குப் பெரியம்மை வந்தது. இருபது நாள் வேப்பிலையில் கிடந்து எழுந்தபோது முகம் புதிதாகப் பொளிந்த அம்மிக்கல்லாக இருந்தது. அடுத்த பாயில் கிடந்த தம்பி எழுந்திருக்கவே இல்லை.

அம்மை அவள் வாயை மட்டும் ஒன்றும் செய்யவில்லை. வயதுக்கு வந்தபின் மூன்று பேர் பெண் பார்க்க வந்தார்கள். மூன்றாவதாக வடமதுரையிலிருந்து வந்தவன் கருப்பட்டிக் காப்பியைச் சொட்டு விடாமல் குடித்து முடித்துவிட்டு, "பேரச் சொன்னாங்க, மொகத்தச் சொல்லலையே" என்றான்.

"ஒங்க மொகத்தப் பத்தி எங்களுக்கு மட்டும் யாரு சொன்னா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. அதோடு அந்த வீட்டுக்குப் பெண் பார்க்க வருவது நின்றுபோனது.

அப்பனும் ஆத்தாளும் அடுத்தடுத்துப் போனபின், பொன்னழகு திண்டுக்கல் டவுனுக்கு வந்து சேர்ந்தாள். பேகம்பூர்ப் பக்கம் அப்துல் சுக்கூர் என்பவரின் வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை வாடகைக்குக் கிடைத்தது. சுக்கூர் தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை பார்த்தார். அவர் மனைவி கமர்ஜஹானுக்கு ஐந்து வயதிலும் ஏழு வயதிலும் இரண்டு பெண்கள். பொன்னழகு பகலில் வெங்காயப் பேட்டையில் சருகு புடைப்பாள். சாயங்காலம் கமர்ஜஹானோடு உட்கார்ந்து ஊரில் உள்ள அத்தனை பேரையும் புடைப்பாள்.

1958 பங்குனியில் பெரியம்மை ஊரைச் சுற்றி வளைத்தது. ஊருக்கு வெளியே கீற்றுக் கொட்டகை போட்டு, அம்மை கண்டவர்களை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். கொட்டகையைப் பார்த்துக்கொண்ட நர்சு ஆரோக்கியம்மாள் ஒருநாள் காலை வெங்காயப் பேட்டைக்கு வந்து, கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பொன்னழகு முன்னால் நின்றாள்.

"வேலைக்கு வாரியா?"

"இந்த மூஞ்சிக்கா வேல குடுக்கப் போறீக?"

"அந்த மூஞ்சிக்குத்தான் வேல. ஒருக்கப் பெரியம்மை வந்து பொழச்சவங்களுக்குத் திரும்ப வராது. மத்தவங்களக் கூப்பிட்டா ஓடுறாங்க."

முப்பத்தைந்து வயதுவரை தன் முகத்துக்காக யாரும் தன்னைத் தேடி வந்ததில்லை. பொன்னழகு முறத்தைக் கீழே போட்டுவிட்டுப் பின்னாலேயே நடந்தாள்.

கொட்டகையில் பதினெட்டு பாய்கள். கொப்புளம் உடைந்த முதுகு பாயோடு ஒட்டிக்கொள்ளும். வெந்நீர் விட்டு நனைத்துத்தான் பிரிக்க வேண்டும். வாய்க்குள்ளும் புண் இருப்பதால் கஞ்சியைத் துளித்துளியாகப் புகட்ட வேண்டும். பொன்னழகு செய்தாள். கை ஓயாமல் வேலை செய்ய, வாய் ஓயாமல் பேசியது. சொந்தக்காரர்கள் வேலிக்கு வெளியே நின்று, ஆத்தா வந்து இறங்கியிருக்கிறாள் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

"எம்மேலயும் எறங்கினவதான்" என்பாள் பொன்னழகு. "கோலம் போட வந்தவ புள்ளி வச்சா கோடு இழுக்கணுமா இல்லையா? வெறும் புள்ளிய வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா, சோம்பேறி."

வெளியே நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். பாயில் கிடந்தவர்களில் சிலர், சிரித்தால் உதடு வெடிக்கும் என்று தெரிந்தும் சிரித்தார்கள்.

சித்திரை பிறந்தபின் அங்கே பழனியம்மாள் என்று ஒரு சிறுமியைக் கொண்டுவந்தார்கள். ஒன்பது வயது. கூட யாரும் இல்லை. தகப்பன் லாரியில் அசலூர் போயிருந்தான், தாய் அதே கொட்டகையில் நாலு நாள் முன்னால் இறந்திருந்தாள். அது பிள்ளைக்குத் தெரியாது. புண்ணில் காய்கிற பக்கைச் சொறியாமல் இருக்கப் பொன்னழகு அவள் கைகளில் பழைய துணியைச் சுற்றிக் கட்டிவிட்டு, "அவுத்தேன்னு வையி, என்னைய மாதிரி ஆயிருவ" என்று முகத்தை அருகே கொண்டுபோய்க் காட்டுவாள். பழனியம்மாள் அந்த முகத்தைக் கண்ணெடுக்காமல் பார்ப்பாள், பயந்ததாகத் தெரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த இரண்டு வாரத்திலேயே பொன்னழகுக்குத் தலை கனத்துவிட்டது. டாக்டரே மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு எட்ட நிற்கிற இடத்தில் அவள் மட்டும் வெற்றிலை போட்டுக்கொண்டு உலாவினாள். பெரியம்மை வராது என்று நர்சு சொன்னது, தெருவுக்கு வரும்போது எந்த நோயும் வராது என்று ஆகிவிட்டது.

அப்போதுதான் வேலியோரத்தில் கருவேல முள் குத்தியது. பிடுங்கி எறிந்துவிட்டாள். இரண்டு நாளில் பாதம் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. மூன்றாம் நாள் சீழ் வைத்தது, தொடையிடுக்கில் நெறி கட்டியது, காய்ச்சலும் வந்தது. நொண்டிக்கொண்டு போய் ஆரோக்கியம்மாள் முன்னால் காலை நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் வராதுன்னு பொய்தான சொன்னீக?"

"பெரியம்மை வராதுன்னேன். ஒண்ணுமே வராதுன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்ற நர்சு கத்தியைக் கொதிக்கவைத்து, கீறிப் பிதுக்கினாள். பஞ்சில் வந்த மஞ்சள் சீழைக் காட்டி, "இது என்னன்னு தெரியுமா?" என்றாள்.

"நாத்தம்."

"ஒனக்காகச் செத்ததுக. ரத்தத்துல வெள்ளை அணுன்னு இருக்கு. தோலக் கிழிச்சுக்கிட்டு எது உள்ள நொழஞ்சாலும் மொதல்ல அதுகதான் ஓடி வரும். வந்தவன் யாரு, எந்த ஊருன்னு விசாரிக்காது. பிடிச்சு முழுங்கும், முழுங்கிட்டுத் தானும் சாகும். அந்தப் பொணந்தான் சீழு. அதுகளும் ரத்தமும் அள்ளிக்கிட்டு வர்றதுலதான் வீக்கமும் செவப்பும்."

"காச்சலு?"

"அதுவும் ஒடம்பு தானாப் பண்றதுதான். சூடு ஏறினா கிருமிக்குச் செரமம்."

"எனக்குந்தான் செரமமா இருக்கு, அத யாரு கேக்குறது? சரி, காலுல குத்துன முள்ளுக்குத் தொடையில எதுக்கு நெறி?"

ஆரோக்கியம்மாள் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னாள். முதலில் வந்தவை ஆளைப் பார்க்காமல் அடிப்பவை. அதற்குள் கிருமியைப் பற்றிய சேதி நெறிக்குப் போகும். அங்கே அந்த ஒரு கிருமிக்கு மட்டும் பொருந்துகிற அணுக்கள் ஒன்று நூறாக, நூறு லட்சமாகப் பெருகும். கிருமியைப் போய்க் கவ்விப் பிடிக்கிற சத்து ரத்தத்தில் ஊறும். அதற்கு ஒரு வாரம், பத்து நாள்கூட ஆகும். ஆனால் பெரியம்மை மாதிரிச் சிலவற்றை ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்கவே மறக்காது. அந்த நர்சு படித்த நாளில் இதில் பாதிதான் துலங்கியிருந்தது. நெறிக்குள் யார் யாருக்கு என்ன வேலை என்பதை ஆராய்ச்சிக்காரர்கள் பிற்பாடுதான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தார்கள். அவளுக்குத் தெரிந்த பாதி சரியாகவே இருந்தது.

"ஒனக்கு ஒம்போது வயசுல, அந்த ரெண்டாவது படை தயாராகி வர்றதுக்குள்ள மூஞ்சி போயிருச்சு. ஆனா வந்து சேந்துருச்சு, உசுரு நின்னுச்சு. இப்ப அதே பெரியம்மை உள்ள வந்தா, அடையாளம் தெரிஞ்சு சடுதியில முடிச்சுப்புடும்."

பொன்னழகு பஞ்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எந்தம்பி?"

"அவனுக்கு வந்து சேர்றதுக்குள்ள அம்மை முந்திக்கிருச்சு" என்றாள் ஆரோக்கியம்மாள்.

இவ்வளவு கேட்டும், தெருவுக்குத் திரும்பும்போது தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொண்டாள். தனக்குள்ளே இரண்டு படை இருக்கிறதாகவும், ஒரு படை செத்தாலும் இன்னொன்று இருப்பதாகவும், டவுனில் வேறு யாருக்கும் இந்த வசதி இல்லை என்றும் சொல்லித் திரிந்தாள். கால் ஆறியதும் பேச்சு இன்னும் ஏறியது.

சித்திரைத் தொடக்கத்தில் கமர்ஜஹானின் பெண்கள் இரண்டு பேருக்கும் காதடியில் கன்னம் உப்பியது. பொன்னுக்கு வீங்கி. நாமக்கட்டியை உரசிப் பற்றுப் போட்டு, கழுத்தில் பொன் கிடந்தால் வீக்கம் வற்றும் என்று தங்கச் சங்கிலியைப் போட்டு உட்காரவைத்திருந்தாள்.

"அக்கா, கிட்ட வராதீங்க. ஒங்களுக்குச் சின்ன வயசுல வந்திருக்கா?"

"எனக்கா? பெரியம்மையே என்னையப் பாத்துட்டு ஓடுது. இந்தச் சுண்டக்கா வீக்கம் என்னைய என்ன பண்ணும்?" என்று சின்னவளை மடியில் தூக்கி வைத்து, அவள் மிச்சம் வைத்த கஞ்சியை அதே கிண்ணத்தில் குடித்தும் காட்டினாள்.

பதினெட்டு நாள் ஒன்றும் இல்லை. பத்தொன்பதாம் நாள் விடிந்தபோது வெற்றிலையை மெல்ல முடியவில்லை. கண்ணாடியை அவள் வைத்துக்கொள்வதில்லை; குடத்துத் தண்ணீரில் குனிந்து பார்த்தாள். இரண்டு கன்னமும் இறங்கித் தோளைத் தொடப் பார்த்தன.

தெருவே வந்து பார்த்தது. சுக்கூர் வாசலில் நின்று, "பொன்னழகக்கா, இத்தன நோய் இருக்க, பேரப் பாத்து வந்திருக்கே இது" என்றார். பொன்னழகுக்குப் பதில் சொல்ல வாய் திறக்கவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

ஆனாலும் சேலையால் தலையோடு தாடையைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினாள். வேலிப் படலிலேயே ஆரோக்கியம்மாள் மறித்தாள்.

"உள்ள கால வைக்காத."

"அந்தப் புள்ளைக்கு யாரு கஞ்சி குடுக்கிறது?" என்று பல்லைத் திறக்காமலே கேட்டாள்.

"உள்ள கிடக்கிறவங்க ஒடம்பு ஒரு எதிரிகூடயே மல்லுக்கட்ட முடியாமக் கெடக்கு. நீ இன்னொருத்தனக் கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாரியா? பத்து நாள் வீட்டுல கெட."

"எனக்குத்தான் ரெண்டு பட இருக்குன்னீகளே!"

"இருக்கு. பெரியம்மைக்குப் பழகுன பட அது. அதுக்குப் பொன்னுக்கு வீங்கியோட அடையாளம் தெரியாது. இதுக்குப் புதுசா ஒண்ணு கெளம்பணும். கெளம்புறவரைக்கும் நீயும் மத்தவங்க மாதிரிதான், போ."

பொன்னழகு வேலிக்கு வெளியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுதாலும் கன்னம் வலித்தது.

மத்தியானம் நர்சு வீட்டுக்கு வந்தாள். பெரியம்மை வந்து பிழைத்த பெண்கள் வேறு யாராவது தெருவில் இருக்கிறார்களா என்று கேட்டாள். யாரும் இல்லை. கமர்ஜஹான் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பொன்னழகுக்குப் போட்டுக்கொண்டிருந்தவள், திரும்பிச் சொன்னாள்:

"நான் வாரேன்."

ஐந்தாறு வயதில் அவளை அத்தாவோடு பெனாங்குக்குக் கப்பல் ஏற்றினார்கள். அம்மை குத்திக்கொள்ளாமல் கப்பலில் ஏற விடமாட்டார்கள் என்பதால் நாகப்பட்டினத்தில் குத்தினார்கள். தோளில் காலணா அகலத்துக்கு இரண்டு தழும்பு இருந்தது. பொன்னுக்கு வீங்கியும் பெனாங்கிலேயே வந்து போயிருந்தது.

ஆரோக்கியம்மாள் தழும்பைத் தடவிப் பார்த்தாள். "இருபது வருசம் ஆச்சு. மறந்திருக்காது, ஆனா சோந்து போயிருக்கும். இன்னொருக்கக் குத்தி எழுப்பிவிடணும்."

சுக்கூர் சாயங்காலம் வந்து குதித்தார். "பெரியம்மைக் கொட்டகைக்கா? ஒனக்கென்ன கிறுக்கா?"

"தோல் ஷாப்புல நீங்க செத்த ஆட்டோட குடும்பம் நடத்துறீங்க, நான் ஏதாச்சும் சொல்லியிருக்கேனா?" என்றாள் கமர்ஜஹான். பெண்கள் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே குத்தியாகிவிட்டது. அதனால் அவருக்குச் சொல்ல வேறு காரணம் கிடைக்கவில்லை. முறுக்கிக்கொண்டு போய்ப் படுத்தார்.

குத்திய இடம் இரண்டாம் நாள் சிவந்து அரித்தது, சின்னதாக ஒரு தடிப்பு வந்தது, அடுத்த சில நாளில் அடங்கிவிட்டது. புதிதாகக் குத்திக்கொள்கிறவர்களுக்கு அது எட்டாம் நாள் சீழ்க் கொப்புளமாகி, காய்ச்சல் கண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் பக்கு உதிரும். கமர்ஜஹானின் உடம்பு பழைய எதிரியைப் பார்த்த மாத்திரத்தில் எழுந்துகொண்டது என்றாள் நர்சு. தடிப்பு அடங்கிய மறுநாளே கமர்ஜஹான் கொட்டகைக்குள் போனாள்.

அந்த நாட்களில் பொன்னழகு தங்கச் சங்கிலியோடு பாயில் கிடந்தாள். ஆயுசில் முதல் தங்கம். ஏழாம் நாளே வீக்கம் வற்றிவிட்டது. "உள்ளுக்குள்ள இன்னும் இருக்கு" என்று சொல்லி மேலும் இரண்டு நாள் சங்கிலியைப் போட்டிருந்தாள். கமர்ஜஹானுக்குத் தெரியும், கேட்கவில்லை.

பதினோராம் நாள் பொன்னழகு திரும்பிப் போனபோது பழனியம்மாள் கீற்றுத் தட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கு உதிர ஆரம்பித்திருந்தது.

"ஒங்களுக்குப் பதிலா வந்த அந்தம்மா எம்மூஞ்சி அப்படியே இருக்குன்னுச்சு. நெசமா?"

"பொய். பத்துப் பன்னெண்டு குழி விழுந்திருக்கு. என்னைய விட எம்புட்டோ தேவல" என்றாள் பொன்னழகு. பழனியம்மாள் யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள். தாய் செத்ததையும் அன்றைக்குப் பொன்னழகுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, பிள்ளையின் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்துவிட்டாள்.

அதற்குப் பிறகு பொன்னழகு ஒரு வேலை செய்தாள். தினமும் விடிந்ததும் முதல் காரியமாகக் கமர்ஜஹானின் முகத்தைப் போய்ப் பார்த்தாள். அம்மை உள்ளே போனால் வெளியே தெரியப் பதினைந்து நாள் வரை ஆகும் என்று அவளுக்குத் தெரியும். முன்கையைத் தொட்டுப் பார்ப்பாள், நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். ஒன்றும் இல்லை. பத்து நாள், பதினைந்து நாள், மூன்று வாரம். அந்த முகம் உரித்த முட்டையாக இருந்தது.

இருபத்தோராம் நாள் கிணற்றடியில் வைத்துக் கமர்ஜஹானின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, திடீரென்று வாளியைத் தூக்கிக் கிணற்றில் எறிந்தாள்.

"என்னக்கா ஆச்சு?"

"நான் மூஞ்சியக் குடுத்து வாங்குனத நீ தோள்ல ரெண்டு தழும்புக்கு வாங்கியிருக்கடி!"

பிறகுதான் அவள் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள். அவளுக்கு ஒன்பது வயதில், அம்மை வருவதற்கு முந்தின மாதம், அம்மை குத்துகிறவர் அவர்கள் ஊருக்கும் வந்திருந்தார். கண்ணுசாமி அவளையும் தம்பியையும் தூக்கித் தானியக் குலுக்கைக்குள் இறக்கி, மேலே மூடி போட்டார். உள்ளே கம்பு முழங்கால் வரை இருந்தது. தம்பி தும்மப் பார்த்தான். அவள்தான் அவன் மூக்கைப் பொத்தினாள். குத்துகிறவர் போனதும் வெளியே தூக்கிவிட்டு, "கெட்டிக்காரி" என்று அப்பா அவளைத் தட்டிக்கொடுத்தார்.

"நல்லாப் பொத்துனேன் கமரு" என்றாள் பொன்னழகு. "அவன் ஒரு தும்மல் தும்மியிருந்தா இன்னைக்கு இருப்பான்."

கமர்ஜஹான் போய்ப் பாதாளக்கரண்டியைக் கொண்டுவந்தாள். இரண்டு பேருமாக வாளியைத் தேடி எடுத்தார்கள்.

மறுநாள் பொன்னழகு நர்சிடம் போய், கொட்டகை வேலை போதாது, குத்துகிற வேலைக்கும் தன்னைச் சேர்க்கச் சொன்னாள். ஊசி பிடிக்கிற வேலை மொக்கைச்சாமி என்கிற ஆளுக்கு. சாதுவானவர், யாராவது கதவைச் சாத்தினால் திரும்பிவிடுவார். கதவைத் திறக்க வைக்கிற வேலையைப் பொன்னழகு எடுத்துக்கொண்டாள். அறுபதுகளில் அரசாங்கம் ஊர் ஊராக எல்லாருக்கும் குத்த ஆரம்பித்தபோது அவளுக்குச் சம்பளமும் உறுதியானது.

குத்தப் போகிற வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் நேரே குலுக்கையைத்தான் போய்த் தட்டுவாள். உள்ளேயிருந்து பிள்ளைகளைத் தூக்கித் தூக்கி வெளியே போடுவாள். வடமதுரைப் பக்கம் ஒரு ஊரில் அய்யம்மாள் என்கிற பெண் வாசலை மறித்து நின்றாள்.

"ஆத்தா கோவிச்சுக்குவா."

"அவகிட்ட நான் பேசிக்கிறேன். எனக்கும் அவளுக்கும் பழைய பகை" என்ற பொன்னழகு, முகத்தை அவள் மூக்குக்கு நேரே கொண்டுபோனாள். "நல்லாப் பாத்துக்க. இது வேணுமா, கையில ஒத்தத் தழும்பு வேணுமா?"

அய்யம்மாள் வழிவிட்டாள். எட்டாம் நாள் அதே அய்யம்மாள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தாள். கையில் குத்திய இடம் சீழ் வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல்.

"சீழ் வச்சிருச்சா? பலே!" என்று பொன்னழகு கை தட்டினாள். அய்யம்மாள் அடிக்கக் கை ஓங்கிவிட்டாள். "அடி இவளே, உள்ள பட கெளம்பியிருக்குன்னு அர்த்தம். இப்ப காச்சலோட போகும். நெசமான அம்மை வர்றன்னைக்கு இந்தப் பட அதத் தெரிஞ்சுக்கிட்டு நிக்கும். கையி உளுந்துருமா? உளுந்தா எங்கையத் தாரேன்." பக்கு உதிர்கிற வரை மூன்று வாரமும் போய்ப் பார்த்து, திட்டு வாங்கிவிட்டு வந்தாள்.

1967இல் கொட்டகைக்கு மூன்று பேர் வந்தார்கள். அடுத்த வருசம் ஒருவரும் வரவில்லை. கீற்றைப் பிரித்து அடுப்புக்குக் கொண்டுபோனார்கள். ஆரோக்கியம்மாளை ஆயக்குடிப் பக்கம் மாற்றினார்கள். கொஞ்ச நாளில் பொன்னழகை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

"ஊரு பூரா ஓடி ஓடிக் குத்த வச்சு, எம்பொழப்புல நானே மண்ணள்ளிப் போட்டுக்கிட்டேன்" என்று புலம்பிக்கொண்டு வெங்காயப் பேட்டைக்கே போனாள். புலம்பினாளே தவிர, முகத்தில் கர்வம் தாங்கவில்லை.

1969இல் அவளுக்குச் சின்னம்மை வந்தது. நாற்பத்தாறு வயதில். உடம்பெல்லாம் நீர்க்கொப்புளம். பெரியம்மைக்கும் இதற்கும் பெயரில் மட்டும்தான் உறவு என்பதால், உள்ளே இருந்த பழைய படைக்கு இதையும் அடையாளம் தெரியவில்லை. கமர்ஜஹான் வேப்பிலைக் கொத்தோடு வந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"சிரிக்காதடி, அரிக்கிது" என்றாள் பொன்னழகு. அதற்குள் தெருப் பெண்கள் பார்க்க வந்துவிட்டார்கள். அவள் பாயில் எழுந்து உட்கார்ந்து, வேப்பிலைக் கொத்தை நீட்டி வழியை மறித்தாள்.

"நில்லுங்கடி அங்கேயே! யார் யாருக்குச் சின்னம்மை வந்திருக்கு? வந்தவ மட்டும் உள்ள வா. வராதவ வீட்டுக்குப் போ. ஏ ஷரீஃபா, வந்திருச்சுன்னு பொய் சொல்லாத, சின்னதுல ஒங்காத்தா ஒன்னைய நர்சம்மாட்டக் கொண்டாந்து காட்டுனதுக்கு நானே சாட்சி. ஒனக்கு வந்தது தட்டம்மைடி, இதில்ல. எட்டிப் போ!"